சுழியைப் பாத்தீங்க, காலைப் பாத்தீங்களா?

நேத்து சாயங்காலத்துல இருந்து மனசு ஆறவே இல்ல. அதான் ராத்திரி தீனி வச்சு முடிச்ச கையோட எழுத உக்காந்துட்டேன்.

குருத்தைப் பாக்க ஒருத்தர் வந்திருந்தார். (குருத்து எங்க குதிரைக்குட்டி. ஆம்பளைப் பய. இன்னைக்கோட ஆறு மாசம் முடியுது.) ஆடி பொறந்தாச்சு, அந்தியூர் குருநாதசாமி சந்தை வரப்போகுது. அந்தக் கூட்டத்துக்கு முன்னாடியே நல்ல குட்டியாப் பாத்து முடிச்சுடலாம்னு தாராபுரம் பக்கம் இருந்து கார் வச்சுகிட்டு வந்திருந்தார். கூடவே சுழி பாக்குற பெரியவர் ஒருத்தர்.

குட்டிய அவுத்து விட்டோம். அது வேலி ஓரமா ஒரு சுத்து ஓடி, வாலத் தூக்கி நிறுத்திகிட்டு, எங்க முன்னாடி வந்து சடார்னு நின்னுச்சு. அந்த மனுசன் முகமெல்லாம் சிரிப்பு. விலை கேட்டார். நாங்க சொன்னோம். பேரம்கூடப் பேசல. "சரிங்க"ன்னுட்டார்.

அப்பத்தான் பெரியவர் குட்டியோட தாடையப் பிடிச்சு வெளிச்சத்துப் பக்கமாத் திருப்பினார். நெத்தியப் பாத்தார். கழுத்தத் தடவினார். இடது கண்ணுக்கு அடியில விரலை வச்சார். வச்ச விரலை எடுக்கல.

"ஏனுங் அம்மிணி, குட்டி தங்கமாட்ட இருக்குதுங். ஆனா கண்ணுக்கு அடியில சுழி கெடக்குது பாருங். இது ஊட்டுல கண்ணீரை நிக்க உடாதுங்."

அவ்வளவுதான். அஞ்சே நிமிசம். டீயப் பாதி குடிச்சபடி வச்சுட்டுக் கிளம்பிட்டாங்க.

எனக்குக் கோவம் வாங்காம போனதுக்காக இல்ல. வாங்குறதும் விடுறதும் அவங்க இஷ்டம். ஆனா அரைமணி நேரம் நின்னவங்க, ஒரு தடவைகூட அந்தக் குட்டியோட காலைக் குனிஞ்சு பாக்கல. ஒரு குளம்பைத் தூக்கிப் பாக்கல. அம்மாவக் காட்டுங்கன்னு கேக்கல. என்ன தீனி திங்குதுன்னு கேக்கல.

குதிரைன்னா காலு. வேற என்ன?

சுழின்னா என்னன்னு கொஞ்சம் சொல்லிடுறேன். வயித்துக்குள்ள குட்டி வளரும்போதே, ரோமம் வெவ்வேற திசையில முளைச்சு வந்து சந்திக்கிற இடம் அது. நம்ம உச்சந்தலையில இருக்கே, அதேதான். சாகுற வரைக்கும் மாறாது. அதனாலதான் ரேஸ் குதிரைகளுக்குப் பாஸ்போர்ட் போடும்போது, உடம்புல எங்கெங்க சுழி இருக்குன்னு படம் போட்டுக் குறிச்சு வைக்கிறாங்க. நமக்குக் கைரேகை மாதிரி. இது இந்தக் குதிரைதான்னு சொல்றதுக்கு.

இந்த நம்பிக்கை நம்ம ஊருல மட்டும் இல்ல. மார்வாரிக் குதிரையோட சொந்த ஊரான ராஜஸ்தான்லயும் கண்ணுக்குக் கீழ சுழி இருந்தா ஆகாதும்பாங்க. கழுத்து நெடுக நீளமா ஓடுற சுழி இருந்தா ராசின்னு கூடுதல் விலை கொடுப்பாங்க. என் மாமனாரும் சுழி பாத்தவர்தான். (அவர்தான் இந்த லாயத்தைக் கட்டினவர்.) ஆனா அவர் முதல்ல காலைப் பாப்பார், அப்புறம் பல்லு, அப்புறம் நடை. சுழிக்குக் கடைசி இடம்தான்.

அந்த வரிசை எப்படித் தலைகீழாச்சுன்னுதான் எனக்குப் புரியல.

சரி, குருத்து எப்படி வந்தான்னு சொல்றேன். அப்பத்தான் என் கோவம் உங்களுக்குப் புரியும்.

எங்க கிட்ட மொத்தம் பதினோரு உருப்படி. மார்வாரிப் பொலிக்குதிரை ஒண்ணு, பெட்டைக்குதிரை ஆறு, இளசுங்க மூணு, அப்புறம் ஒரு கிழட்டு மட்டக்குதிரை. அந்த மட்டக்குதிரைக்கு ஒரே ஒரு வேலை. தினமும் காலையில வேலிக்கு அந்தப் பக்கம் அவனைக் கூட்டிட்டு வந்து நிறுத்துவோம். எந்தப் பெட்டை காதை மடக்கிக் கடிக்கப் போகுதோ அது இன்னும் பருவத்துக்கு வரல. எது வாலை ஒதுக்கிகிட்டு அசையாம நிக்குதோ, அது வந்திருச்சு. ஸ்கேன் மெஷின் எல்லாம் அப்புறம்தான். முதல் சேதி அந்தக் கிழவன் கிட்ட இருந்துதான் வரும்.

பெட்டைக்குதிரைக்கு இருபத்தோரு நாளுக்கு ஒரு சுத்து. அதுல அஞ்சாறு நாள்தான் பருவம். அந்தப் பருவம் முடியறதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடிதான் கருமுட்டை வெளிய வரும். அந்த நேரம் தப்பினா மறுபடி அடுத்த சுத்துக்குக் காத்துக் கிடக்கணும். குருத்தோட அம்மா வெள்ளச்சிக்கு மூணாவது சுத்துலதான் நின்னுச்சு. பதினஞ்சாம் நாள் ஸ்கேன் பாத்தப்ப டாக்டர் ரெண்டு நிமிசம் பேசவே இல்ல. இரட்டையான்னு தேடிகிட்டு இருந்திருக்கார். குதிரைக்கு இரட்டைக் கரு வரவே கூடாது. பெரும்பாலும் ரெண்டுமே தங்காது, சில நேரம் தாயும் போயிடும். "ஒண்ணுதானுங்க"ன்னு அவர் சொன்னப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

அப்புறம் பதினோரு மாசம்.

இந்தப் பதினோரு மாசத்தைத்தான் யாரும் கேக்குறதே இல்ல.

இங்க கொஞ்சம் பழைய கதை. வெள்ளச்சிக்கு முன்னாடி செவலைன்னு ஒரு பெட்டை இருந்தா. நான் கல்யாணம் ஆகி வந்து பொறுப்பெடுத்துகிட்ட முதல் குதிரை. நான் மாட்டுக்காரங்க வீட்டுப் பொண்ணு. மாட்டுக்கு என்ன நல்லதோ அதுதான் குதிரைக்கும்னு நினைச்சேன். கோ-4 புல்லை வெட்டி வெட்டிப் போட்டேன். வேளைக்கு ரெண்டு படி கோதுமைத் தவிடு. பளபளன்னு இருந்தா. எனக்கு அவ்வளவு பெருமை.

ஒரு வருசம் கழிச்சு, அவ மூஞ்சி ரெண்டு பக்கமும் மெல்ல வீங்க ஆரம்பிச்சுது. பல்லுல ஏதோ கோளாறுன்னு நினைச்சோம். அப்புறம் ஒரு நாள் முன்னங்கால் நொண்டும், மறுநாள் பின்னங்கால் நொண்டும். தீனிய மெல்ல முடியல. டாக்டர் வந்து கன்னத்து எலும்பத் தட்டிப் பாத்துட்டு முதல்ல கேட்டது: "என்ன தீனி போடுறீங்க?"

அப்பத்தான் தெரிஞ்சுகிட்டேன். கோ-4 மாதிரி புல்லுல ஆக்ஸலேட் ஜாஸ்தி. அது தீனியில இருக்குற சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் போட்டுடும், குதிரை உடம்புல சேர விடாது. மாட்டுக்கு முதல் வயித்துல இருக்குற நுண்ணுயிரிங்க அந்த ஆக்ஸலேட்டை உடைச்சுடும். குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. தவிடு இன்னும் மோசம். அதுல பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கு, சுண்ணாம்பு அதுல பத்துல ஒரு பங்குதான் இருக்கும். குதிரைக்குச் சுண்ணாம்புதான் பாஸ்பரஸை விட அதிகமா வேணும், ஒண்ணரை மடங்காவது. ரத்தத்துல சுண்ணாம்பு குறைஞ்சா உடம்பு சும்மா இருக்காது. எலும்புல இருந்து உருவி எடுத்துக்கும். எலும்பு போன இடத்துல நார் நாரா வளர்ந்து மூஞ்சி வீங்கிடும்.

நான் ஆசை ஆசையாப் போட்ட தீனி, அவ எலும்பைத் தின்னுருக்கு.

தவிட்டை நிறுத்தினோம். புல்லை மாத்தினோம். சோளத்தட்டு, காஞ்ச புல், கூடவே குதிரைமசால். (பேரைப் பாருங்க! மாட்டுக்காரங்க நாங்களும் அதை அறுத்துப் போடுவோம். ஆனா பேரு வச்சவங்க அது யாருக்குன்னு பேருலயே எழுதி வச்சுட்டாங்க. சுண்ணாம்புச் சத்து அதுல நிறைய.) தாது உப்புக் கலவை தினமும். வேகவச்ச கொள்ளு அளவா. நொண்டல் நிக்கவே எட்டு மாசம் ஆச்சு. வீங்கின மூஞ்சி முழுசாப் பழைய மாதிரி ஆகல. அந்தச் சமயத்துல அவ ஈன்ற குட்டிக்கு முன்னங்கால் ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சிருந்துச்சு. லாடக்காரர் மாசாமாசம் வந்து குளம்பைச் செதுக்கிச் செதுக்கிப் பாத்தார். நேராகவே இல்ல. அந்தக் குட்டி கடைசி வரைக்கும் ஒரு ஆளைச் சுமக்கல.

அந்தக் குட்டிக்குச் சுழி எல்லாம் நல்லா இருந்துச்சுங்க. பாத்தவங்க எல்லாரும் சொன்னாங்க.

ரொம்ப நாள் கழிச்சு மார்க்கோ போலோ நம்ம பாண்டிய நாட்டுப் பக்கம் வந்து எழுதினதைப் படிச்சேன். பதிமூணாம் நூற்றாண்டோட கடைசி. கடல் வழியா ஆயிரக்கணக்குல குதிரைங்க வந்து இறங்கிட்டே இருந்த காலம். இந்த நாட்டுல நல்ல பெட்டையையும் நல்ல பொலிக்குதிரையையும் சேத்தாலும், பொறக்குற குட்டி சின்னதா, கால் கோணலா, ஏறி உக்காரவே லாயக்கில்லாம இருக்குங்கிறார். குதிரைக்குச் சோறும் வேகவச்ச கறியும் போடுறாங்கன்னும் எழுதியிருக்கார். லாடம் அடிக்கத் தெரிஞ்சவங்க இல்லைன்னும் எழுதியிருக்கார்.

கால் கோணல். சோத்துத் தீனி. ரெண்டையும் அடுத்தடுத்துப் படிச்சப்ப, எனக்குச் செவலையோட மூஞ்சிதான் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு. நல்ல குதிரைங்களை அள்ளிக் கொடுத்து வாங்கினோம், தீனியில கோட்டை விட்டோம். மண்ணு மேல பழி இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன். இதே மண்ணுலதான் குருத்து நேரான காலோட நிக்குறான்.

வெள்ளச்சிக்கு அந்தப் பதினோரு மாசமும் ஒரு வேளை மாத்தல. கடைசி மூணு மாசம்தான் குட்டி வயித்துல மளமளன்னு வளரும், அப்பத்தான் தீனியக் கூட்டணும். முதல்ல இருந்தே கொட்டினா தாய்க்குத்தான் கொழுப்பு ஏறும்.

ஈத்துக்கு ஒரு மாசம் முன்னாடி மடி இறங்குச்சு. பொங்கல் அன்னைக்குக் காம்பு நுனியில மெழுகு மாதிரி ரெண்டு சொட்டு உறைஞ்சு நின்னுச்சு. மெழுகு வந்தா ஒண்ணு ரெண்டு நாளுல ஈனும்பாங்க. ஆனா போன ஈத்துல மெழுகு வந்து பத்து நாள் காக்க வச்சா. அதனால இந்தத் தடவை பி.எச். காகிதம் வாங்கி வச்சிருந்தேன். காம்புல இருந்து ஒரு சொட்டு எடுத்துத் தொட்டுப் பாக்கணும். ஈத்து நெருங்க நெருங்க அந்த எண் இறங்கிட்டே வரும். ஆறரைக்குக் கீழ போச்சுன்னா தூங்கப் போகாதீங்க. அவ்வளவுதான் கணக்கு.

பொங்கல் முடிஞ்ச நாலாம் நாள் ஆறு புள்ளி ரெண்டு.

குதிரை பெரும்பாலும் ராத்திரிதான் ஈனும். ஆள் நடமாட்டம் இருந்தா அடக்கி வச்சுக்கவும் செய்யும். அதனால லாயத்துக்கு வெளிய வைக்கோல் போர் பின்னாடி நானும் அத்தையும் கம்பளியப் போத்திகிட்டு உக்காந்திருந்தோம். மணி ரெண்டேகால். தண்ணி உடைஞ்சுது. குதிரைக்கு அதுக்கப்புறம் எல்லாம் ஓட்டமும் நடையும்தான். மாடு மாதிரி மணிக்கணக்குல முக்காது. அரைமணிக்குள்ள குட்டி வெளிய இருக்கணும், இல்லைன்னா டாக்டருக்குப் போன்.

வெள்ளைப் பை தெரிஞ்சுது. (இங்க ஒண்ணு மறக்காதீங்க. வெள்ளையா வந்தா சரி. சிவப்பு வெல்வெட் மாதிரி வந்தா நஞ்சு முன்னாடியே கழண்டுடுச்சுன்னு அர்த்தம். யாரையும் கேக்காம அந்த நிமிசமே கிழிச்சு விடணும், இல்லைன்னா குட்டிக்கு மூச்சு இல்ல.) ஒரு குளம்பு, கொஞ்சம் பின்னால இன்னொரு குளம்பு, முட்டி மேல மூக்கு. சரியான வரிசை. பதினெட்டு நிமிசம். வைக்கோல் மேல நனைஞ்ச கறுப்பு மூட்டை மாதிரி வந்து விழுந்தான்.

அவன் குளம்பைத்தான் நான் முதல்ல தொட்டேன். பொறந்த குட்டியோட குளம்பை நீங்க பாத்ததுண்டா? நுனியில வெளுத்த மஞ்சள்ல, ரப்பர் விரல் விரலா, தென்னங்குருத்தைக் கிழிச்சு ஒட்ட வச்ச மாதிரி இருக்கும். தாயோட வயித்தக் குளம்பு கீறிடக் கூடாதுன்னு அப்படியொரு மெத்தை. எழுந்து நடந்த ஒரு நாளுல தேஞ்சு போயிடும். அதனாலதான் அவன் பேரு குருத்து.

அப்புறம் எங்க கணக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு மணி நேரத்துல எந்திரிக்கணும். ரெண்டு மணி நேரத்துல பால் குடிக்கணும். மூணு மணி நேரத்துல நஞ்சு விழணும். அவன் நாலு தடவை எந்திரிச்சு நாலு தடவையும் நாலா பக்கமும் கால் பரப்பி விழுந்தான். எனக்குக் கை பரபரங்குது, தூக்கி நிறுத்தலாம்னு. அத்தை கையப் பிடிச்சுகிட்டாங்க. "உடு கண்ணு. அவனே நிப்பான்."

நாப்பதாவது நிமிசம் நின்னான்.

சீம்பால் விசயத்துல குதிரை ரொம்பக் கண்டிப்பு. வயித்துல இருக்கும்போது தாய் கிட்ட இருந்து நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வராது. எல்லாமே சீம்பால்லதான். அதையும் முதல் பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள குடிச்சாத்தான் குடல் நல்லா இழுத்துக்கும், ஒரு நாள் தாண்டினா கதவு மூடின மாதிரி. எங்க வீட்டுல மாடு ஈன்னா அத்தை சீம்பால் காய்ச்சி அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுப்பாங்க. அன்னைக்கு ஒரு சொட்டு தொடல. அவன் சப்புற சத்தத்தைக் கேட்டுகிட்டே உக்காந்திருந்தாங்க.

நஞ்சு விழுந்ததும் தரையில விரிச்சுப் பாத்தோம். ஒரு துண்டு உள்ள தங்கினாக்கூடத் தாய்க்கு ஆபத்து. முழுசா இருந்துச்சு. அத்தை அதை வைக்கோல்ல சுத்தி, விடியறதுக்குள்ள கொண்டு போய் ஆலமரத்துல கட்டிட்டு வந்தாங்க, மாட்டுக்குச் செய்யற மாதிரியே.

இப்ப சொல்லுங்க. இத்தனையும் பாத்து வந்த குட்டி. ஒரு சுழி.

இன்னொண்ணும் சொல்லணும். வந்தவர் கிளம்பும்போது "வெள்ளைக் குட்டி ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க"ன்னு கேட்டுட்டுப் போனார். மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரைக்குத்தான் கிராக்கி. அவர் முன்னாடி கறுப்பா நின்ன குருத்தோட கண்ணைச் சுத்தி, கண்ணாடி போட்ட மாதிரி சாம்பல் ரோமம் விழ ஆரம்பிச்சிருக்கு. அம்மா வெள்ளச்சியும் பொறந்தப்ப கறுப்புதான். வருசா வருசம் வெளுத்துகிட்டே வந்து எட்டு வயசுல பால் மாதிரி ஆனா. குருத்தும் அப்படித்தான் ஆவான். கண்ணுக்குக் கீழ விரலை வச்ச பெரியவர், கண்ணைச் சுத்தி என்ன இருக்குன்னு பாக்கல.

இன்னைக்குக் காலையிலயும் வழக்கம் போல நாலரைக்கு எந்திரிச்சேன். லாயத்துக்குள்ள போனா நான் முதல்ல பாக்குறது லத்திய. ஒரு குதிரை ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை போடும். விடியக்காலையில ஒரு கொட்டில் மட்டும் சுத்தமா இருந்தா எனக்கு வயித்தக் கலக்கும். குதிரையால வாந்தி எடுக்க முடியாது. உள்ள போனது உள்ளயே அடைச்சா, ஒரே ராத்திரியில உசிரு போயிடும். லத்தி சரியா இருந்தா, அப்புறம் தண்ணித் தொட்டி எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாப்பேன். பால் கொடுக்குற பெட்டை இந்த வெயில்ல அம்பது லிட்டரைத் தாண்டும். அப்புறம்தான் தீனி, கூட்டுறது, மேய்ச்சல்.

எட்டு மணிக்குக் குருத்தோட நாலு காலையும் ஒண்ணொண்ணாத் தூக்குவேன். பொறந்த மூணாம் நாள்ல இருந்து தினமும் செய்யுறது. முதல்ல அஞ்சு நொடி, இப்ப ஒரு நிமிசம். லாடக்காரர் வரும்போது உதைக்காம நிக்கக் கத்துக்கிறான். மேல ஏறுறது எல்லாம் மூணு வயசுக்கு அப்புறம்தான். முழங்கால் எலும்பு முத்தவே ரெண்டரை வயசு ஆகும், முதுகெலும்புக்கு அஞ்சு வயசும் தாண்டும். ஒண்ணரை வயசுக் குட்டி மேல சேணத்தப் போட்டு, கால்ல சங்கிலியக் கட்டி ஆடப் பழக்குறவங்களைப் பாத்திருக்கேன். தப்பு. வேற வார்த்தை எனக்கு இல்ல.

சந்தைக்குப் போறவங்க கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். குதிரைக்கு நேர் முன்னால நின்னு முன்னங்கால் ரெண்டையும் பாருங்க. நாலு குளம்பையும் தூக்கச் சொல்லிப் பாருங்க. நடக்க விட்டுப் பாருங்க. என்ன தீனி போட்டீங்கன்னு கேளுங்க. கிளாண்டர்ஸ் நோய் இல்லைங்கிற சான்றிதழை வாங்கிப் பாருங்க, அந்த நோய் மனுசனுக்கும் ஒட்டும். அத்தனையும் பாத்து முடிச்சப்புறம் சுழியப் பாக்கணும்னு தோணினா, பாத்துக்கோங்க.

குருத்தை மூணு வயசு வரைக்கும் விக்கிறதில்லைன்னு நேத்து ராத்திரியே முடிவு பண்ணிட்டோம்.